லம்போர்கினியில அப்பாயி ஏறுவாங்களா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை நான் சேலத்துல, எங்க வீட்டு மாடி ரூம்ல உக்காந்து பேசிட்டு இருக்கேன். நடுவுல ஏர் ஹாரன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. நாமக்கல் போற ரோடு பக்கத்துலதான் இருக்கு.

போன வாரம் எங்க ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு பெரிய சண்டை. ஃபெராரி, லம்போர்கினி மாதிரி சூப்பர்கார் கம்பெனிகள் குடும்பத்தோட போற கார் செய்யலாமா, கூடாதா? ஒருத்தன் சொல்றான், "செஞ்சா அந்தப் பேருக்கே அசிங்கம். சிங்கம் புல்லு திங்கிற மாதிரி." இன்னொருத்தன், "காசு வருதுல்ல, செஞ்சா என்ன தப்பு?" நான் முதல்ல சிங்கம் கட்சியிலதான் இருந்தேன். பாதி சண்டையில வாயை மூடிக்கிட்டேன். ஏன்னு கடைசியில சொல்றேன்.

நான் ஒரு காலத்துல கார் பைத்தியம். பத்தாவது படிக்கிறப்போ கணக்கு நோட்டோட பின்பக்கம் முழுக்க கத்தரிக்கோல் மாதிரி மேல திறக்கிற கதவு வரைஞ்சு வச்சிருப்பேன். ஆனா நிஜத்துல ஒரு சூப்பர்காரை முதல்முதலா பார்த்தது ஓமலூர் பக்கம், ஹைவேயில இருந்து இறங்குற ஒரு சின்ன ரோட்ல. மஞ்சள் கலர். முன்னாடி ஒரு ஸ்பீடு பிரேக்கர். நேரா ஏறினா அடி தட்டும்னு அந்தக் கார் குறுக்கா, ஒவ்வொரு டயரா ஏறிட்டு இருக்கு. பின்னாடி வந்த லாரியில இருந்து கிளீனர் பையன் குதிச்சு வந்து, "வரட்டும் வரட்டும், லெஃப்ட்ல ஒடிங்ண்ணா, போதும் போதும்"னு வழி காட்டினான். நான் கை தட்டினேன். ஊரே போட்டோ எடுத்துச்சு. அந்தக் கார்ல ரெண்டே சீட்டு, பை வைக்கக்கூட இடம் இல்லைங்கிறது அன்னைக்கு எனக்கு ஒரு குறையாவே தெரியல.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தச் சண்டை புதுசு இல்ல. 2002-ல போர்ஷே கேயன்னு ஒரு எஸ்.யூ.வி. கொண்டுவந்தப்போ 911 ரசிகர்கள் கொதிச்சுப் போனாங்க. தொண்ணூறுகள்ல போர்ஷே திவாலாகுற நிலைமை வரைக்கும் போய்ட்டு வந்த கம்பெனி. பாக்ஸ்டர்தான் அதை முதல்ல தூக்கி நிறுத்துச்சு. அப்புறம் வந்த கேயன் கல்லாவை நிரப்புச்சு. ஃபோக்ஸ்வாகன் டூவரெக்கோட அடித்தளத்தைப் பங்கு போட்டுக்கிட்ட கார் அது. திட்டினவங்க வாங்கின 911-ஐயும் ஒரு வகையில அந்தக் குடும்பக் கார்தான் காப்பாத்திக் குடுத்துச்சு.

அடுத்தது லம்போர்கினி. நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அது டிராக்டர்ல ஆரம்பிக்குது. ஃபெருச்சியோ லம்போர்கினி 1948-ல டிராக்டர் செய்ய ஆரம்பிச்சவர். கார் கம்பெனி 1963-லதான். அதாவது காட்டுல உழுற வண்டி செஞ்ச கை, அப்புறம்தான் சூப்பர்கார் செஞ்சுது. "குடும்பக் கார் செஞ்சா பாரம்பரியம் கெட்டுப்போயிடும்"னு சொல்றவங்க, பாரம்பரியத்தோட முதல் பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கணும்.

2017 டிசம்பர்ல அவங்க ஊருஸ் காட்டுனாங்க. நாலு கதவு, பின்சீட்டு, 616 லிட்டர் டிக்கி, 650 குதிரைசக்தி. 2017-ல லம்போர்கினி உலகம் முழுக்க வித்தது 3,815 கார். 2019-ல 8,205. அதுல 4,962 ஊருஸ். 2023-ல மொத்தம் 10,112, அதுல 6,087 ஊருஸ். அந்த வருஷம் பத்துல ஆறு பேர் லம்போர்கினி ஷோரூமுக்குப் போனதே பின்சீட்டு இருக்கிற வண்டிக்காகத்தான்.

ஃபெராரி ரொம்ப நாள் பிகு பண்ணிட்டு இருந்துச்சு. 2022-ல புரோசாங்குவே வந்துச்சு. வி12 இன்ஜின், நாலு கதவு, நாலு சீட்டு. எங்க மொத்த உற்பத்தியில இதோட பங்கு 20 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டோம்னு கம்பெனியே வரம்பு போட்டுச்சு. வீட்டுக்கு மருமகன் வரலாம், ஆனா சாவி நம்மகிட்டதான் இருக்கும்ங்கிற மாதிரி.

அப்போ வியாபாரக் கேள்விக்கு விடை வந்தாச்சு. செஞ்சாங்க, வித்துச்சு, பேரும் கெடல. எனக்கு உறுத்துறது வேற. ஊருஸ் இந்தியாவுக்கு வந்தப்போ விலை 3 கோடி. புரோசாங்குவே 10 கோடிக்கு மேல. இதை "குடும்பக் கார்"னு சொல்றப்போ, யாரோட குடும்பம்?

விலை குறைச்சுச் செஞ்சு பார்த்த கதையும் இருக்கு. 2011-ல ஆஸ்டன் மார்ட்டின் சிக்னெட்னு ஒரு குட்டிக் கார் விட்டாங்க. ஜேம்ஸ் பாண்ட் ஓட்டுற கம்பெனிங்க அது. டொயோட்டா ஐக்யூ காரை எடுத்து, முகத்தை மாத்தி, உள்ள தோல் போட்டு, அசல் காரைவிட ரெண்டரை மடங்குக்கு மேல விலை வச்சாங்க. ஐரோப்பாவுல ஒரு கம்பெனி விக்கிற கார்களோட சராசரி புகை அளவைக் குறைக்கணும்ங்கிற நெருக்கடியும் அதுக்கு ஒரு காரணம். வருஷத்துக்கு 4,000 விக்கும்னு நினைச்சாங்க. சில நூறுதான் போச்சு. 2013-ல நிறுத்திட்டாங்க.

இது ஏன் தோத்துச்சுன்னு யோசிச்சப்போ எனக்கு எங்க பெரியப்பா பட்டறை ஞாபகம் வந்துச்சு.

நாமக்கல் பத்தித் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். முட்டைக்கு அடுத்து எங்க ஊரு பேரு லாரிக்கு. திருச்செங்கோடு பக்கம் போனீங்கன்னா போர்வெல் ரிக் வண்டிங்க. நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுற பட்டறைங்க வரிசையா இருக்கும். கம்பெனியில இருந்து வெறும் சேசிஸ் வரும். இன்ஜின், முன்முகம், சக்கரம், அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது. டிரைவர் தலைப்பாகை கட்டிக்கிட்டு, முகத்துல துண்டைச் சுத்திக்கிட்டு, காத்துலயும் வெயில்லயும் ஓட்டிட்டு வருவார்.

அது பட்டறைக்குள்ள வந்ததும் மேஸ்திரி கேக்குற முதல் கேள்வி: "ஏனுங்க, லோடு என்னங்க?" கலர் கேக்க மாட்டார், டிசைன் கேக்க மாட்டார். சிமெண்ட்டா, முட்டையா, கோழியா, தேங்காயா? முட்டைன்னா காத்து போகணும். கோழின்னா கூண்டு. சிமெண்ட்னா நனையக்கூடாது. அப்புறம் டிரைவரைக் கூப்பிட்டு, சீட்டுக்குப் பின்னாடி படுக்குற இடத்துல படுக்கச் சொல்லி அளவு பார்ப்பார். பத்து நாள் அந்த மனுசன் வீடு அதுதானே. சாமி படம் வைக்கிற இடம்கூட அவரைக் கேட்டுத்தான்.

சிக்னெட் செஞ்சவங்க இந்தக் கேள்வியைக் கேக்கவே இல்ல. சட்டத்துக்கு என்ன வேணும்னு பார்த்தாங்க, பேட்ஜ் எங்க ஒட்டலாம்னு பார்த்தாங்க. லோடு என்னன்னு யாரும் கேக்கல.

கேட்ட ஒருத்தர் இருக்கார். கார்டன் மர்ரே. தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல பிறந்தவர். ஃபார்முலா ஒன் கார் வடிவமைச்சவர். 1992-ல மெக்லாரன் எஃப்1-னு ஒரு கார் கொண்டுவந்தார். டிரைவர் நடுவுல, ரெண்டு பக்கமும் கொஞ்சம் பின்னாடி ஒவ்வொருத்தர். 1998-ல மணிக்கு 386 கிலோமீட்டர் வேகம் தொட்டுச்சு. மொத்தமே 106 வண்டிதான் செஞ்சாங்க.

அதே மனுசன் 2010-ல டி.25-ன்னு ஒரு நகரக் கார் செஞ்சு காட்டினார். நீளம் 2.4 மீட்டர். அதுலயும் டிரைவர் நடுவுல. அப்புறம் ஆக்ஸ்னு ஒரு லாரி. ஆமாங்க, லாரி! ரோடே இல்லாத ஊர்களுக்காக. பிரிச்சு அடுக்கி அனுப்பிடலாம், ஒரு கன்டெய்னர்ல ஆறு வண்டி போகும். மூணு பேர் சேர்ந்தா ஏறக்குறைய அரை நாள்ல பூட்டிடலாம். டிரைவர் நடுவுல. 1,900 கிலோ சரக்கு, இல்லன்னா 13 பேர். பின்சீட்டைக் கழட்டி, சேத்துல சக்கரம் மாட்டினா அடியில போட்டு ஏத்திக்கலாம். இதை எங்க மேஸ்திரிகிட்ட யூடியூப்ல காட்டினேன். ரெண்டு தடவ பார்த்துட்டு, "இந்தாளு பட்டறைக்காரன்டா தம்பி"ன்னார். நான் கேட்டதுலயே பெரிய பாராட்டு அது.

டி.25 ஷோரூமுக்கு வரவே இல்ல. அதையும் சொல்லணும். நல்ல யோசனை இருந்தா மட்டும் கார் விக்காது. அதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. கோயம்புத்தூர்ல ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், ரேஸ் ஓட்டுன ஜெ. ஆனந்தோட கம்பெனி. டாடா மோட்டார்ஸும் அவங்களும் சேர்ந்து 2018 அக்டோபர்ல டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி கொண்டுவந்தாங்க. 6.39 லட்சம், 7.49 லட்சம். வீட்டுக்கார் மாதிரியே அஞ்சு சீட்டு, ஆனா டர்போ இன்ஜின், 114 குதிரைசக்தி, சஸ்பென்ஷன் எல்லாம் ரேஸ்காரன் கை பட்டது. ஓட்டுனவங்க இன்னைக்கும் புகழ்றாங்க. ஆனா பி.எஸ்.6 காலம் வந்தப்போ, 2020-ல, அந்தக் கூட்டுக் கம்பெனியை மூடிட்டாங்க. அதை வாங்கச் சொல்லி யூடியூப் கமெண்ட்ல கத்துன என்னை மாதிரி ஆளுங்க யாரும் வாங்கலங்கிறதும் உண்மை.

அப்போ நான் என்ன வாங்கினேன்? இங்கதான் நான் வாயை மூடிக்கிட்ட கதை வருது.

மூணு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக்கு முதல் கார். பேரு வேண்டாம். பின்னாடி கூரை சரிஞ்சு இறங்குற எஸ்.யூ.வி. பார்த்ததும் ஊருஸ் ஞாபகம் வந்துச்சு, அவ்வளவுதான், புக் பண்ணிட்டேன். டெஸ்ட் டிரைவுக்கு நானும் தம்பியும் போனோம். வீட்ல வேற யாரையும் கூட்டிட்டுப் போகல.

வண்டி வந்த மறுநாள் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புறோம். அப்பாயிக்கு 78 வயசு, முழங்கால் தேய்மானம். சீட்டு அவங்க இடுப்புக்கு மேல. கால் தூக்க முடியல. நானும் அப்பாவும் ஆளுக்கு ஒரு கை பிடிச்சு ஏத்தினோம். ஏறுறப்போ சரிஞ்ச கூரையில தலை இடிச்சுது. ஒண்ணும் சொல்லல. சேலையைச் சரி பண்ணிக்கிட்டு, ஜன்னல் சின்னதா இருக்கேன்னு மட்டும் சொன்னாங்க. இறங்குறப்போ இன்னும் கஷ்டம். கோயில் வாசல்ல பங்காளிங்க எல்லாம் பார்க்கிறாங்க. பேரப்பசங்க மூட்டையைத் தூக்குற மாதிரி தூக்கி இறக்கினோம்.

அடுத்த தடவ கூப்பிட்டப்போ, "நீங்க போய்ட்டு வாங்க சாமி, நான் ஊட்டைப் பார்த்துக்கறேன்"னாங்க. அடுத்த கல்யாணத்துக்கும் அதே. சேலத்துல டாக்டர்கிட்ட போறதுக்குக்கூட பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னாங்க. ஆட்டோவுல அவங்களே ஏறி உக்காந்துக்குவாங்க. ஒரு வருஷம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. வண்டி வாங்கி அவங்களை வீட்டுக்குள்ள உக்கார வச்சுட்டேன்.

அதனால என் பதில் இது. சூப்பர்கார் கம்பெனிங்க தாராளமா குடும்பக் கார் செய்யட்டும். 1953-ல லெ மான் ரேஸை டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயிச்சுது. இன்னைக்கு நம்ம வீட்டு ஸ்கூட்டர்லயே டிஸ்க் இருக்கு. மேல இருக்கிறது கீழ வரும். ஆனா ரொம்ப மெதுவா வரும். காருல எப்பவோ வந்த ஏ.சி., லாரி கேபினுக்குக் கட்டாயமானது 2025 அக்டோபர் 1-ல இருந்துதான். அதுவும் அன்னைக்கு அப்புறம் தயாராகுற வண்டிக்கு மட்டும். தொப்பூர் கணவாயில வெயில்ல ஊர்ந்த டிரைவருங்க அதுவரைக்கும் காத்திருந்தாங்க. தானா இறங்கி வரும்னு உக்காந்திருந்தா இவ்வளவு நாள் ஆகும். லோடு என்னன்னு முதல்லயே கேட்டா சீக்கிரம் வரும்.

10 கோடி செலவு பண்ணி வேகமா போற கார் செய்யிறதைவிட, 8 லட்சத்துக்குள்ள ஒரு பாட்டி யார் கையையும் பிடிக்காம ஏறி இறங்குற கார் செய்யிறது கஷ்டமான வேலைன்னு நான் இப்போ நம்புறேன். அந்தக் கஷ்டத்துக்கு மர்ரே மாதிரி மூளைங்க வேணும்.

இதைக் கேக்குற பல பேர் முதல் கார் வாங்குற வயசுல இருப்பீங்க. ஒண்ணே ஒண்ணு செய்ங்க. டெஸ்ட் டிரைவுக்கு வீட்லயே வயசான ஆளைக் கூட்டிட்டுப் போங்க. அவங்களே ஏறட்டும், அவங்களே இறங்கட்டும். நீங்க கை கொடுக்காதீங்க. கதவு எவ்வளவு அகலமா திறக்குது, பிடிச்சுக்க கைப்பிடி எங்க இருக்கு, தலை இடிக்குதான்னு பாருங்க. அப்புறம் இன்ஜினைப் பத்திப் பேசலாம்.

என் காரை விக்கல, இ.எம்.ஐ. இன்னும் ஓடுது. பெரியப்பா பட்டறைக்குப் போய் மேஸ்திரிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "லோடு என்ன?"ன்னார். "அப்பாயி"ன்னேன். சிரிக்கல. மறுநாள் காலையில டேப்போட வீட்டுக்கு வந்து, அப்பாயி கால் எவ்வளவு தூக்குறாங்கன்னு அளந்துட்டுப் போனார். ரெண்டு படி, இரும்பு, மேல ரப்பர், மடக்கி டிக்கியில வச்சுக்கலாம். பக்கத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி.

போன ஆடியில கோயிலுக்குக் கிளம்பினப்போ, நான் படியை எடுத்து வைக்கிறதுக்குள்ள அப்பாயி சேலையைச் சொருகிட்டு காருக்குப் பக்கத்துல வந்து நின்னுட்டாங்க.

சரி, அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வண்டியைப் பார்த்து ஓட்டுங்க.