மூன்று மணி நேரம் போதுமா?

(சூலக்கரையில் நடந்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆப்பிரிக்க நாடுகளில் பள்ளிக் கல்வியின் தரம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். விருதுநகர் மாவட்டத்தில் அதைப் பேச 1953ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

அந்த ஆண்டில்தான் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அரசு பான்டு கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பாடத்திட்டம்; செலவிடும் பணமும் குறைவு. சில வகை உழைப்புக்கு மேல் கறுப்பருக்கு வெள்ளையர் சமூகத்தில் இடமில்லை என்று அமைச்சர் வெர்வூர்ட் வெளிப்படையாகவே பேசினார். அதே 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு, மிச்ச நேரத்தில் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். நிறவெறியும் சாதியும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உழைக்கிறவர் பிள்ளைக்கு எவ்வளவு படிப்பு போதும்?

பெரியார் இதைக் குலக்கல்வி என்று அம்பலப்படுத்திப் போராடினார். 1954இல் இராஜாஜி பதவி விலக, விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்காவிலோ 1976இல் ஆஃப்ரிகான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன சோவெட்டோ மாணவர்களைக் காவல்துறை சுட்டது. 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்தது. ஆனாலும், 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்பு மதிப்பீட்டில், அந்நாட்டின் நான்காம் வகுப்புக் குழந்தைகளில் நூற்றுக்கு 81 பேரால் வாசித்ததைப் புரிந்துகொள்ள முடியவில்லை. சட்டத்தை நீக்கியதும் ஏற்றத்தாழ்வு தானாக நீங்கிவிடுவதில்லை.

நம் ஊருக்கு வருவோம். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் சிவகாசி வட்டாரத்தில் சிறப்புப் பள்ளிகள் வந்தன. தீப்பெட்டி, பட்டாசு வேலையிலிருந்து பிள்ளைகள் வகுப்பறைக்கு வந்தது பெரிய வெற்றி. ஆனால் 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று வழிவிட்டார்கள். ஆபத்தான தொழில்களுக்கு அந்த அனுமதி கிடையாது என்கிறது சட்டம். உருப்படிக் கணக்கில் கூலி வரும் வீட்டில், சாயங்காலம் பிள்ளை காகிதக் குழல் சுற்றுவதை யார் போய்ப் பார்ப்பார்கள்? கூலி போதாத வீட்டில் பிள்ளையின் கையும் கணக்கில் வருகிறது. மூன்று மணி நேரத் திட்டம் இப்படித்தான் பின்வாசல் வழியாகத் திரும்புகிறது.

எனவே தோழர்களே, தரம் என்பதைத் தேர்ச்சி விழுக்காட்டோடு நிறுத்திவிட வேண்டாம். பெற்றோருக்கு வாழப் போதுமான கூலி வேண்டும். நம் குடியிருப்பிலேயே, விளக்கோடும் ஆசிரியரோடும் மாலை நேரப் படிப்பு மையம் வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்கு உரிய இடமும் தர வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் பெற்றோரோடு நீங்களும் போங்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஐந்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ஒரு பக்கத்தைத் தாமே வாசித்துப் புரிந்துகொள்கிறார்கள்? தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வருகைப் பதிவேட்டில் யார் யார் வரவில்லை? பதில் கிடைக்கும்வரை எழுந்து வராதீர்கள்.

ஜெய் பீம்.