தீயணைப்புப் பணிக்குரிய உடற்றகுதித் தேர்வும் நம் இளைஞரும்

(தஞ்சையில் நிகழ்ந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் ஓட்டத்தையும் கயிறேற்றத்தையும் பற்றிப் பேச முன்வருதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். எமது உடம்பை நோக்குவார்க்கு அந்நகை இன்னும் மிகும். ஆயினும் இப்பொருளை யாமே வேண்டிப் பெற்றுக்கொண்டோம். அதற்குரிய காரணத்தை முதற்கண் சொல்லிவிடுகின்றோம்.

நம் சங்கத்து இளைஞர் ஒருவர் தீயணைப்போர் பதவியை விரும்பி, தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வுக்கு எம்மிடம் பயின்றார். அவர் பெயர் வேண்டா, இக்கூட்டத்திலேயே அமர்ந்திருக்கின்றார். தமிழ்த் தகுதித் தேர்வுக்கு உரிய புணர்ச்சி விதியும் பிழைதிருத்தமும் நான்கு திங்கள் கற்பித்தோம். நல்ல மதிப்பெண் பெற்றார். பின்னர் ஓட்டத்துக்கு அழைக்கப்பட்டார். 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துள் ஓடி முடித்தல் வேண்டும். இவரோ 11 விநாடி பிந்தினார். அந்த ஓட்டத்தில் தவறியவர்க்கு அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இல்லை. அன்று மாலையே ஊர் திரும்பிவிட்டார்.

‘ஐயா, முதற்சுற்றில் எல்லாரினும் நானே முன்னே சென்றேன்’ என்று அவர் சொன்னபோதுதான் எமது பிழை எமக்கு விளங்கிற்று. நான்கு திங்களில் ஒரு நாளேனும் ‘தம்பி, நீ ஓடிப் பார்த்தாயா?’ என்று யாம் கேட்டிலேம். இப்பொழுது அவர் அறுவடை இயந்திரம் ஓட்டிப் பிழைக்கின்றார். அதுவும் நற்றொழிலே, ஆயினும் அவர் விரும்பியது அஃதன்று.

இப்பணி எத்தகையது என்பதைத் தஞ்சைச் சீமையார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலில் தீப்பற்றி 40-க்கு மேற்பட்டோர் மாண்டதை நம் முதியோர் மறந்திலர். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில், பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அந்நாளில் யாம் ஆசிரியப் பணிக்குப் புதியோம். அதன்பின் பல்லாண்டுகள் எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் முதலில் கூரையையும், அடுத்து மாடிப்படியின் அகலத்தையும் நோக்குதல் எமக்கு வழக்கமாயிற்று. இன்றும் அவ்வழக்கம் விட்டபாடில்லை.

இவை பெருந்தீக்கள். நாள்தோறும் நிகழ்வன வேறு. அறுவடை முடிந்தபின் வைக்கோற்போர் பற்றுதல், கோடைக்காற்றில் குடிசை பற்றுதல், வாய்க்காலில் மூழ்கினோரைத் தேடுதல், கிணற்றில் வீழ்ந்த பசுவைக் கயிறு கட்டித் தூக்குதல், வீட்டினுள் புகுந்த பாம்பைப் பிடித்தல் ஆகிய அனைத்துக்கும் 101 என்னும் எண்ணையே அழைக்கின்றோம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வீசியபின், பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சாலைகளில் கிடந்த மரங்களை அறுத்து வழிதிறந்தோருள் இப்பணியாளரும் இருந்தனர்.

இனித் தேர்வின் அளவுகளைக் கூறுவோம். இதுகாறும் வந்த அறிவிக்கைகளில் கண்டவை இவை. புதிய அறிவிக்கை வந்தவுடன் ஒத்துப் பார்த்துக்கொள்க. பொதுவாக உயரம் 170 சென்டிமீட்டர். பட்டியல் வகுப்பார்க்கும் பழங்குடியார்க்கும் 167. மார்பு 81 சென்டிமீட்டர். மூச்சை உள்ளிழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிதல் வேண்டும். அதன்பின் மேலே சொன்ன ஓட்டம். அதிலும் தேறினார்க்கு மூன்று திறன்கள்: கயிறேற்றம், நீளந்தாண்டல் அல்லது உயரந்தாண்டல், 100 மீட்டர் அல்லது 400 மீட்டர் விரைவோட்டம். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. நீளத்தில் 3.80 மீட்டருக்கு ஒன்று, 4.50-க்கு இரண்டு. 100 மீட்டரை 15 விநாடியில் ஓடினால் ஒன்று, 13.50 விநாடியில் ஓடினால் இரண்டு. இந்நட்சத்திரங்களே மதிப்பெண்ணாக மாறி எழுத்துத் தேர்வோடு கூட்டப்படுகின்றன. ஆதலின் எழுத்தில் வல்லவர் கயிற்றில் தோற்றால், பெற்றதையும் இழப்பர்.

ஓட்டத்தின் கணக்கைச் சற்றே நிதானித்து நோக்குக. 1500 மீட்டர் என்பது 400 மீட்டர்த் திடலில் மூன்றே முக்காற் சுற்று. 7 நிமிடம் என்பது 420 விநாடி. ஆகவே சுற்றொன்றுக்கு 112 விநாடி கிடைக்கின்றது. நம் இளைஞர் முதற்சுற்றை 78 விநாடியில் ஓடினாராம்! அவர்க்கு ஓடும் வன்மை இல்லையென்று யார் சொல்வார்? வன்மை இருந்தது, வாய்ப்பாடு தெரியவில்லை. முதற்சுற்றில் 34 விநாடியை மிச்சம்பிடித்தவர், மூச்சிழந்து, எஞ்சிய சுற்றுகளில் வட்டியுங் கூட்டி அதனைத் திருப்பிக் கொடுத்தார். 105 விநாடிக்கு ஒரு சுற்றாக ஒரே சீராக ஓடுபவன் 6 நிமிடம் 34 விநாடியில் முடித்துவிடுவான். அவனைப் பார்ப்பவர் ‘இவன் என்ன இவ்வளவு மெல்ல ஓடுகின்றான்’ என்றே முதலில் எண்ணுவர்.

இதற்குப் பன்னிரண்டு வாரமேனும் பழகுதல் வேண்டும். கல்லணைக் கால்வாய்க் கரை நமக்கு நல்ல திடல். வாரத்தில் மூன்று நாள், பேச்சுக்கொடுத்தால் மறுமொழி சொல்லக்கூடிய வேகத்தில், நான்கைந்து கிலோமீட்டர் மெல்ல ஓடுக. ஒரு நாள் 400 மீட்டரை 105 விநாடியில் ஓடி, மூச்சு அடங்கும் வரை நடந்து, மீண்டும் ஓடுக. இவ்வாறு நான்கு அல்லது ஐந்து முறை. நாள்தோறும் 1500 மீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பார்த்தல் வேண்டா. நாற்றை நாள்தோறும் பிடுங்கி வேர் பிடித்ததா என்று பார்ப்பவனை என்னென்பது? கோடையில் ஆறு வறண்டபின் மணலில் ஓடுவோர் உளர். கால் வலுப்பெறும்; ஆயின் முதல் வாரத்திலேயே அதில் இறங்கினால் கணுக்கால் சுளுக்கும். விடியற்காலையில் ஓடுக, வெயிலேறிய பின்னர் வேண்டா. நோன்பிருந்து ஓடுதலும், கடைகளில் விற்கும் ஊக்க ஊசி, மாத்திரைகளை நாடுதலும் கேட்டையே தரும்.

கயிற்றைப் பற்றி ஒரு சொல். களத்தில் 60 கிலோ நெல்மூட்டையைத் தோளில் ஏற்றும் பிள்ளைகளும் மூன்று மீட்டர் ஏறியவுடன் தொங்கிவிடுகின்றனர். காரணம், கையினாலேயே ஏறுகின்றனர். தென்னை ஏறுபவரைப் பாருங்கள்: தளைநாரைக் காலிற் பூட்டி, காலை ஊன்றி உடம்பை உயர்த்துகின்றார், கை பற்றிக்கொள்ள மட்டுமே. கயிற்றிலும் அவ்வாறே. ஒரு பாதத்தின் மேல் கயிற்றை வளைத்து, மறு பாதத்தால் அழுத்தி, முழங்காலை நிமிர்த்தினால் உடம்பு தானே எழும்பும். முதல் வாரம் பற்றித் தொங்குதல், அடுத்த வாரம் காற்பூட்டு, அதன்பின்னரே ஏற்றம். இறங்கும்போது சறுக்கி வருதல் கூடாது. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விடும்.

அமெரிக்க நாட்டில் ‘சிபேட்’ என்று ஒரு தேர்வு உண்டு. ஏறக்குறைய 23 கிலோ எடையுள்ள அங்கியைப் பூண்டு, எட்டுச் செயல்களை 10 நிமிடம் 20 விநாடியில் முடித்தல் வேண்டும். நிமிடத்துக்கு 60 படியாக மூன்று நிமிடம் படியேறல் முதலாவது. அதற்கு மட்டும் இன்னும் 11 கிலோ கூடுதற் சுமை. குழாய் இழுத்தல், ஏணி நிமிர்த்தல், இருளில் தவழ்ந்து தேடல், 75 கிலோப் பதுமையை இழுத்து வருதல் என அத்தேர்வு தொழிலையே நிகர்க்கும். நம் தேர்வு அவ்வாறன்று. பொதுவான வலிவையே சோதிக்கின்றது. ஆனால் தொழில் எங்கும் ஒன்றே. 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 15 மீட்டர் நீளத்துக்கு நீர் நிறைந்தால், அந்நீர் மட்டுமே 47 கிலோ. அதனை இழுத்துக்கொண்டு மாடி ஏறுபவனுக்குத் தேர்வுநாளின் வலிவு ஆயுள் முழுதும் வேண்டும். அந்நாட்டில் எம் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று: தேர்வுக்கு முந்திய எட்டு வாரத்துள், தேர்வுக் கருவிகளையே தொட்டுப் பழக விண்ணப்பதாரர்க்கு இடந்தருகின்றனர். நம் பிள்ளைகளோ கயிற்றைத் தேர்வுநாளிலேயே முதன்முதற் காண்கின்றனர்.

தாய்மார்களுக்கு ஒன்று. ‘நெருப்பில் குதிக்கவா பிள்ளை பெற்றோம்?’ என்று ஓர் அம்மையார் எம்மை வினவினார். நியாயமான வினா, இடர் இல்லையென்று யாம் பொய் சொல்லோம். 1944 ஏப்பிரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டைக்கின்’ என்னும் கப்பல் வெடித்தபோது தீயணைப்போர் 66 பேர் மாண்டனர். ஏப்பிரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரம் கொண்டாடுவது அவர் நினைவாகவே. அவ்விடரை ஏற்கும் உடம்பை முன்னரே ஆக்கிக்கொண்டவன் தானும் மீள்வான், பிறரையும் மீட்பான் என்பதே யாம் அறிந்த மறுமொழி. இன்னும் ஒன்று: நம் மாநிலத்தில் இத்துறையின் அதிகாரிப் பதவிகளில் 2003-ஆம் ஆண்டு முதலே பெண்டிர் உளர். பெண்மக்களைப் பெற்றோரும் இச்சொற்பொழிவைக் கேட்டு வைத்திருத்தல் நலம்.

சங்கத்தாரிடம் எமது வேண்டுகோள் சிறிது. ஆண்டுதோறும் எழுத்துத் தேர்வு நூல்களுக்குப் பணம் ஒதுக்குகின்றோம். இவ்வாண்டு அதில் ஒரு பகுதியைக் கயிற்றுக்கும் மணற்குழிக்கும் கொடுங்கள். மண்டபத்தின் பின்னே உள்ள இடம் போதும். மரக்கிளையை நம்ப வேண்டா. ஏழு மீட்டருக்குக் குறையாத இரும்புக்கால் இரண்டு நாட்டி, குறுக்குச் சட்டத்தில் கயிற்றைப் பூட்டி, கீழே மணல் பரப்புதல் வேண்டும்.

அக்கயிற்றில் யார் யார் ஏறலாம் என்று செயற்குழுவில் ஒரு கேள்வி எழுந்ததாகக் கேள்விப்பட்டோம். நம் பணத்தில் வாங்கியதை நம் பிள்ளைகளே துய்க்க வேண்டும் என்பது சிலர் கருத்து. பெரியோர் பொறுத்தருள்க, யாம் அதற்கு உடன்படோம். தெருவில் உள்ள எந்தப் பிள்ளையும் வந்து ஏறட்டும். நம் வீட்டுக் கூரை பற்றும் அன்று வண்டியிலிருந்து குதிப்பவன் எக்குலத்தான் என்று நாம் வினவப்போவதில்லை. அவனும் நம் வீட்டு வாயிலில் நின்று அதனை வினவமாட்டான். அவன் நன்கு ஏறப் பழகியிருத்தல் நமக்கும் வேண்டுவதே.

11 விநாடியால் தவறிய இளைஞர் அடுத்த அறிவிக்கைக்கு மீண்டும் விண்ணப்பிக்கப் போகின்றார். வயது வரம்புக்குள் அவர்க்கு இன்னும் ஒரு வாய்ப்பே உள்ளது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கால்வாய்க் கரையில் ஓட்டம் தொடங்குகின்றது. அவரே முன்னோடுவார், 105 விநாடிக்கு ஒரு சுற்றாக. விநாடி பார்த்துச் சொல்லும் வேலையை யாம் ஏற்றுள்ளோம், கடிகாரமும் வாங்கிவிட்டோம்.