இரு விண்மீன்களின் சாட்சி

மாசி மாதத்துத் தெளிந்த இரவு, மணி எட்டு. யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றின் விளையாட்டு மைதானத்திலே கணினி பொருத்திய தொலைகாட்டியொன்று நிற்கின்றது என்று வைத்துக்கொள்ளலாம். மாணவர் வரிசையாகக் காத்து நிற்கின்றனர். ஆசிரியர் கைக்கருவியில் ‘ஒரியன் நெபுலா’ என்னும் பெயரைத் தெரிந்து பொத்தானை அழுத்துகின்றார். மின்னோட்டிகள் முரலுகின்றன, குழாய் தானாகவே திரும்பி ஓரிடத்தில் வந்து நிற்கின்றது. இலக்கை அடைந்துவிட்டதாகச் சிறு திரையில் எழுத்துத் தோன்றுகின்றது. முதல் மாணவி கண்ணை வைத்துப் பார்க்கின்றாள். அங்கே இருளையன்றி வேறெதுவும் இல்லை. இரண்டாமவனும் பார்க்கின்றான், அவனுக்கும் இருளே. கருவி பழுதாயிற்று என்ற முடிவோடு கூட்டம் கலைகின்றது. தொலைகாட்டி பெட்டிக்குட் சென்று, பின்பு அலுமாரிக்குட் சென்று, ஆண்டுக்கணக்காகத் தூசி படிந்து கிடக்கின்றது.

உண்மையில் அக்கருவியில் யாதொரு குற்றமும் இல்லை. ஆடியும் வில்லையும் செம்மையாகவே உள்ளன. மின்னோட்டிகளும் ஏவியபடியே சுழன்றன. வானத்தைக் கருவிக்கு அறிமுகஞ் செய்த முறையிலேதான் பிழை நேர்ந்தது. முதற் கோணல் முற்றுங் கோணல் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் காண்பது அரிது.

கணினியின் நினைவில் ஆயிரக்கணக்கான வான் பொருள்களின் முகவரிகள் உள்ளன. அவ்வாறிருக்க, அறிமுகம் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். யாழ்ப்பாண நகரின் வரைபடத்தைக் கையிற் கொடுத்து, ஒருவரின் கண்ணைக் கட்டி அழைத்துச் சென்று, நகரின் நடுவே விட்டால் அவர் என்ன செய்வார்? வரைபடம் முழுவதும் சரியாகவே இருக்கும். ஆயினும் தாம் நிற்கும் இடமும் நோக்கும் திசையும் தெரியாதவரை அதனாற் பயனில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கண்டால் ஓரளவு தெளிவு பிறக்கும். கோட்டையும் தென்பட்டால் ஐயம் முற்றாக நீங்கும். தொலைகாட்டிக்கும் அத்தகைய இரண்டு அடையாளங்கள் வேண்டும்.

இதில் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. நகரத்துக் கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்கும், விண்மீனோ நில்லாது. பூமி 23 மணி 56 நிமிடம் 4 செக்கனில் ஒருமுறை தன்னைத் தானே சுற்றுவதால், வானம் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் மேற்கு நோக்கி நகர்வதாய்த் தோன்றுகின்றது. அஃதாவது, நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. முழுமதியின் அகலம் அரைப்பாகையே. தொலைகாட்டியிற் குறைந்த உருப்பெருக்கத்திற் பார்க்கும்போதும் கண்ணுக்குப் புலப்படும் வான்பரப்பு ஒரு பாகையளவினதே. ஆகவே கருவிக்கு இடம் தெரிந்தாற் போதாது. காலமும் தெரிதல் வேண்டும்.

முற்காலத்தில் வான நூலார் இவ்விடர்ப்பாட்டைத் துருவ நட்சத்திரத்தின் துணைகொண்டு தீர்த்தனர். தொலைகாட்டி சுழலும் அச்சைப் பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக, வானின் வடமுனையை நோக்கி நிறுத்திவிட்டால், ஒரே சுழற்சியால் விண்மீனைத் தொடரலாம். ஐரோப்பியருக்கு இம்முறை எளிது. இலங்கையிலோ துருவ நட்சத்திரம் யாழ்ப்பாணத்தில் அடிவானத்துக்கு மேல் 10 பாகையளவிலும், கொழும்பில் 7 பாகையளவிலுமே நிற்கும். பனங்கூடலும் மதிற்சுவரும் அதனை எளிதில் மறைத்துவிடும்.

கணினி வந்த பின்னர் நிலை மாறிற்று. அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையில் 1974ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட 3.9 மீற்றர் தொலைகாட்டி கணினியின் ஆணைப்படி இயங்கியது. 1989இல் யப்பானியப் பொறியியலாளர் தொசிமி தாக்கி, இரண்டு விண்மீன்களை மட்டும் கொண்டு, எவ்வாறு நிறுத்திய தொலைகாட்டியையும் வானத்தோடு இணைக்கும் கணித முறையை வானியல் ஆர்வலருக்கு விளக்கி எழுதினார். 1992இல் ‘மீட்’ நிறுவனத்தின் எல்.எக்ஸ்.200 என்னும் கருவி வந்தது. இவ்வகைக் கருவிகளால், துருவ நட்சத்திரம் கண்ணிற்படாத முற்றத்திலும் தொலைகாட்டியை வானத்தோடு பொருத்துதல் இயல்வதாயிற்று.

இனி, பொருத்தும் முறையைக் காண்போருக்கு முதலில் வேண்டுவது நாளும் நேரமும். மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் பதியும் கருவிகள் உண்டு. பெப்ரவரி 10ஐ அவற்றில் மாற்றிப் பதிந்தால் அது ஒக்தோபர் 2 ஆகிவிடும். ஏறக்குறைய எட்டுமாதம் தள்ளிய வானத்தைக் கருவி தேடும். கோடைகால நேரம் உண்டா என்று அது வினவினால் இல்லை என்றே விடையளித்தல் வேண்டும். தவறினால் 15 பாகை பிழைக்கும்.

நேர வலயத்திலும் விழிப்பு வேண்டும். மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக 1996 மே மாதத்தில் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டமையும், அவ்வாண்டு ஒக்தோபரில் அரைமணி பின்தள்ளப்பட்டமையும், 2006 ஏப்ரலில் பழைய நேரமே மீண்டமையும் நேயர்களுட் பலருக்கு நினைவிருக்கும். இன்று இலங்கை நேரம் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. இடைக்காலத்துப் பழங்கருவியில் ஆறு மணி என்று பதிந்திருந்தால், அந்த அரைமணி வானத்தில் ஏழரைப் பாகை ஆகும். அஃதாவது பதினைந்து முழுமதிகளின் அகலம்.

அடுத்து முக்காலியை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, இரண்டு விண்மீன்களைத் தெரிதல் வேண்டும். அடிவானத்தை ஒட்டியவை ஆகா. காற்றுமண்டலம் அவற்றின் ஒளியை வளைத்து, அரைப்பாகை வரை உயர்த்திக் காட்டும். உச்சிக்கு நேரானவையும் ஆகா. அங்கே திசையைக் கணித்தல் கடினம். மாசி இரவில் எட்டு மணிக்குத் திருவாதிரை விண்மீன் ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கும், அதனை விடுக. தென்கிழக்கில் வெண்ணிறத்தோடு சுடரும் சிரியஸ், இரவு வானத்து விண்மீன்களுள் ஒளி மிக்கது, அதனைக் கொள்க. வடகிழக்கில் புனர்பூசத்து இரட்டையருள் ஒருவராகிய பொலக்ஸ் உண்டு, அதனையுங் கொள்க. இரண்டும் பாதி வானத்துக்குச் சற்று மேலே, திசையால் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்கோணத்தில் நிற்பன.

ஆயின் இரட்டையருள் மற்றவராகிய காஸ்டர், பொலக்சுக்கு நாலரைப் பாகை தள்ளியே உள்ளது. மேலே கூறிய ஆசிரியர் வீழ்ந்த குழி இதுவே. அவர் அவசரத்தால் ஒரு விண்மீனோடு அமைந்தார். பொலக்ஸ் என்று எண்ணிக் காஸ்டரை மையத்தில் வைத்து ‘ஆம்’ என்றார். கணினி அதனை நம்பிற்று. அதற்குக் கண் இல்லை. சொன்னதே அதற்கு உண்மை. அன்றிரவு அது தேடிய ஒவ்வொரு பொருளும் பல முழுமதிகளின் அகலத்துக்கு விலகியே நின்றது.

இரண்டாம் சாட்சியின் பெருமை இங்கே விளங்கும். விண்மீன்கள் ஓயாது நகர்ந்தாலும் அவற்றுக்கு இடையேயுள்ள தூரம் மாறுவதில்லை. சிரியசுக்கும் பொலக்சுக்கும் இடையே 47 பாகை. சிரியசுக்கும் காஸ்டருக்கும் இடையே 50 பாகை. இரண்டையும் காட்டியிருந்தால் கணினி இம்மூன்று பாகை முரண்பாட்டைக் கண்டு, பொருத்தம் தவறிற்று என்று அறிவித்திருக்கும். அவ்வறிவித்தலைக் கருவியின் பழுதென்று கொள்ளாது, தம் கண்ணின் பழுதென்று கொண்டு மீளத் தொடங்குபவரே பிழைப்பர். பொலக்ஸ் சற்றே பொன்னிறமும் மிகுந்த ஒளியும் உடையது; காஸ்டர் வெண்மையானது. சிறிது பொறுமையோடு பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

விண்மீனை மையத்தில் நிறுத்தும்போது, பற்சில்லுகளின் தளர்வு பிழை தராதவாறு, கடைசி நகர்வை எப்பொழுதும் கருவியின் கைந்நூல் கூறும் ஒரே திசையிற் செய்தல் நன்று. முடிவில், தாம் நன்கறிந்த மூன்றாம் விண்மீனொன்றுக்குக் குழாயை அனுப்பிச் சோதித்தல் வேண்டும். இன்று தாமே வானத்தைப் படம்பிடித்து, விண்மீன் அட்டவணையோடு ஒப்பிட்டு, இடத்தை அறிந்துகொள்ளும் தொலைகாட்டிகளும் வந்துள்ளன. அவற்றை உடையோருக்கும் இம்மூன்றாம் சோதனை வீணன்று.

அப்பாடசாலையிலே தொலைகாட்டி மறுபடியும் அலுமாரியிலிருந்து வெளிவருமாயின், ஆசிரியர் பொத்தானைத் தொடுமுன்னர் மாணவரை வானத்தை நோக்கச் செய்தல் நலம். சிரியஸ் எது, பொலக்ஸ் எது என்று அவர்களே சுட்டிக்காட்டட்டும். அதன் பின்பு முதல் மாணவி பார்வைத்துண்டிற் கண்ணை வைப்பாளாயின், இருளின் நடுவே சாம்பல் நிற ஒளிமுகிலொன்றையும், அதன் நெஞ்சில் நெருங்கி நிற்கும் நான்கு சிறு விண்மீன்களையும் காண்பாள். அவ்வொளி புறப்பட்டு ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆயின. வரிசையில் அடுத்து நிற்பவன், தன் முறை எப்போது வரும் என்று கேட்பான்.