அயல் பிரியாத முகாம்

பூமி நடுங்கி வீடுகள் வீழ்ந்தபின், உயிர் தப்பியோருக்கு வேண்டுவன யாவை என வினவினால், நீர், உணவு, உடை, மருந்து, கூரை என எவரும் எண்ணிச் சொல்லிவிடுவர். அவ்வெண்ணிக்கையில் விடுபட்டுப் போவது ஒன்றுண்டு. அதுவே அயல். அதனை மறந்தால் நேர்வது யாது என்பதற்கு யப்பான் நாட்டின் கோபே நகரம் சான்றாகும்.

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி அதிகாலை அந்நகரை உலுக்கிய பூமியதிர்ச்சி 6,400க்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் புகலடைந்தனர். அவர்களுக்கென ஏறத்தாழ 48,000 தற்காலிக வீடுகள் சில மாதங்களுள் எழுந்தன. அவற்றைப் பகிர்ந்தளிக்கத் திருவுளச்சீட்டு முறை கைக்கொள்ளப்பட்டது. முதியோருக்கும் உடற்குறையுடையோருக்கும் முன்னுரிமை வழங்கப்பட்டது. இதனினும் நேர்மையான முறை வேறுண்டோ என்றே எவருக்கும் தோன்றும்.

ஆயின் விளைந்தது வேறு. நகரினுள் வெற்றுநிலம் அரிதாகையால், வீடுகள் பல புறநகரிலும் கடலைத் தூர்த்த நிலத்திலும் அமைந்தன. பல்லாண்டு ஒரே தெருவில் வாழ்ந்தோர் திசைக்கொருவராயினர். முதியோர் பலர் முன்பின் அறியாதார் நடுவே தனித்து வாழ்ந்தனர். கதவு தட்டுவாரின்றி அவ்வீடுகளில் தனிமையில் இறந்தோர் 200க்கு மேற்பட்டவர். தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று நலம் விசாரித்தனர். கூடிப் பேச மண்டபங்களும் அமைக்கப்பட்டன. எனினும், பிரிந்த அயலை மீண்டும் சேர்த்தல் எளிதாயிருக்கவில்லை.

அப்பாடம் வீண்போகவில்லை. 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி நீகாத்தா மாகாணத்திலே பூமி அதிர்ந்தபோது, யமகோசி என்னும் மலைக்கிராமத்தின் பாதைகள் மண்சரிவினால் அடைபட்டன. ஏறத்தாழ 2,000 பேர் ஊரைவிட்டு நாகவோக்கா நகருக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே தற்காலிக வீடுகள் குறிச்சி குறிச்சியாக ஒதுக்கப்பட்டன. ஊரில் அடுத்தடுத்திருந்தோர் முகாமிலும் அடுத்தடுத்தே இருந்தனர். ஊர் திரும்புவது பற்றி ஒன்றுகூடி ஆராயவும் அவர்களுக்கு இயன்றது. பின்னர் பெரும்பாலான குடும்பங்கள் மலைக்கு மீண்டன.

ஆகவே முகாம் நடத்துவோர், முதல்நாள் பெயர் பதியும்போதே, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதோடு, எந்தத் தெரு, பக்கத்து வீட்டார் யார் என்பவற்றையும் கேட்டு எழுதுதல் வேண்டும். முதியவர் ஒருவருக்கு முன்னுரிமை வழங்குங்கால், அவரை அறிந்த குடும்பமொன்றையும் உடன் அனுப்புதல் நன்று. இதனாற் சிலருக்கு வீடு கிடைப்பது சில நாட்கள் தாமதிக்கவுங் கூடும். அத்தாமதத்தைப் பொறுத்தலே தகும் என்பதைக் கோபே நகரத்தார் பட்ட துயர் உணர்த்துகின்றது.