விரைவாளி: பழம்பொறி தரும் பாடம்



துருவேறிக் கிடந்த சிறு கன்னெய்ப்பொறியைத் துலக்கி மீண்டும் ஓடச் செய்தல் அரிதன்று. உரிய விரைவில் நிலைத்து ஓடச் செய்தலே அரிது. அவ்விரைவை ஆளும் உறுப்பைப் பட்டறைகளில் ‘கவர்னர்’ என்கின்றனர். அவ்வொலி அதன் பணியை உணர்த்துவதில்லை. பணியறியாத இளைஞன், பொறி தடுமாறியவுடன் அதன் சுருள்வில்லை இழுத்துக் கட்டுகின்றான். பொறி கட்டுமீறி ஓடுகின்றது. விரைவு இருமடங்கானால் இணைதண்டின்மேல் விழும் இழுவிசை நான்மடங்காகும். தண்டு முறிந்து பொறியின் உடலைப் பிளக்கும்; அருகில் நிற்பவனுக்கும் ஊறு நேரும். சொல்லின் பொருள் விளங்காமை உயிர்க்கே இடராகின்றது!

‘கவர்னர்’ என்பது ஆங்கிலத்தின் தனியுடைமையுமன்று. கலஞ்செலுத்துதலைக் குறித்த கிரேக்கச் சொல்லே இலத்தீன் வழியாக ஆங்கிலம் புகுந்தது. சேம்சு வாட்டு 1788-இல் நீராவிப் பொறியில் பொருத்திய சுழல்குண்டுகள் இப்பெயர் பெற்றன. நார்பர்ட்டு வீனர் 1947-இல் தம் புதிய அறிவுத்துறைக்குப் பெயர் தேடியபோதும் அதே கிரேக்க மீகாமனையே நாடினார். அவனைத் தமிழ் அறியாதா? அகநானூறு நீகான் என்னும். மீகாமன் என்னும் சொல்லும் உண்டு. கடலில் கலஞ்செலுத்திய மொழிக்குப் பட்டறையில் பொறி செலுத்தச் சொல் இல்லையா? விரைவை ஆள்வது விரைவாளி. பெயரிலேயே பணி விளங்குகின்றது.

பொறி சுழலச் சுழல விரைவாளியின் எடைக்கட்டிகள் வெளிநோக்கி விரியும். நெம்புகோலைத் தள்ளி, காற்றும் கன்னெய்யும் புகும் வழியிலுள்ள அடைப்பிதழை மூட முயலும். சுருள்வில்லோ அவ்விதழைத் திறக்க இழுக்கும். இரண்டும் நிகராகும் இடமே பொறியின் விரைவு. சுமை ஏறினால் விரைவு தாழும், கட்டிகள் ஒடுங்கும், வில் வெல்லும், இதழ் திறக்கும், பொறி மீண்டும் வலுப்பெறும்.

இதனை உணர்ந்தவன், பொறி ஏறியும் இறங்கியும் தடுமாறும்போது விரைவாளியின்மேல் உடனே பழி சுமத்தான். கார்புரேட்டர் எனப்படும் கலப்பியை முதலில் ஆய்வான். நெடுநாள் தேங்கிய கன்னெய் பசையாகி நுண்துளையை அடைத்திருக்கும். இணைப்பில் காற்றுக் கசியும். இதழின் அச்சுத் தேய்ந்திருக்கும். இவற்றைச் செப்பஞ்செய்த பின்னரே விரைவாளியில் கைவைத்தல் முறை.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1908-இல் தோன்றிய பிரிக்சு-சிராட்டன் நிறுவனத்தின் எடைக்கட்டிப் பொறிகளைக் காண்க. முதற்பணி பொறி நிற்கும்போதே செய்தற்குரியது. நெம்புகோலை அச்சோடு பிணைக்கும் மரையைத் தளர்த்துக. அடைப்பிதழ் முழுதும் திறக்குமாறு நெம்புகோலைத் தள்ளிப் பிடிக்க. அது திரும்பிய பக்கமாகவே அச்சையும் முட்டும்வரை திருப்பி, மரையை இறுக்குக. நிற்கும் பொறியில் கட்டிகள் ஒடுங்கியிருக்கும். ஆகவே இதழ் முழுதும் திறந்திருத்தல் வேண்டும். இதுவே இப்பணியின் அடிப்படை.

அடுத்து, பொறியை ஓட்டிச் சூடேற்றி, இதழை அதன் தடைத்திருகில் பொருத்திப் பிடித்துத் தாழ்விரைவைச் செவ்வை செய்க. இறுதியிலேயே வில்லின் இழுவையை மாற்றி மேல்விரைவை வரையறுக்க. காதால் அளத்தல் போதாது. சுற்றெண்ணும் கருவி வேண்டும். வில் நைந்திருந்தால் அப்பொறிக்குரிய வில்லையே இடுக.

அயல்நாட்டு எண்ணையும் அப்படியே ஏற்றல் ஆகாது. இருமுனை மின்னாக்கியை நேரே சுழற்றும் பொறி, நொடிக்கு 60 அலைவு மின்சாரம் வழங்கும் அமெரிக்காவில் மணித்துளிக்கு 3600 சுற்று ஓடும். 50 அலைவு வழங்கும் தமிழ்நாட்டில் 3000 சுற்றே ஓடல் வேண்டும். பொருளுணராது எண்ணைப் பின்பற்றினால் மின்கருவிகள் பழுதுறும்.

பெயர் மட்டும் தமிழாதல் போதாது. செய்முறையும் அதன் அடிப்படையும் தமிழில் எழுதப்பெறல் வேண்டும். ஆங்கிலக் கையேடு பெட்டியில் உறங்க, கைகள் கண்கட்டி உழைப்பது எத்துணை இழிவு! பொறி வல்லோர் தாம் அறிந்ததைத் தமிழில் எழுதுக; தமிழ் வல்லோர் பட்டறைக்குச் சென்று அவர்க்குத் துணைநிற்க. கையும் மொழியும் ஒன்றும் நாளில் பொறியைத் தமிழன் ஆள்வான்; அதுவரை பொறியே அவனை ஆளும்!