வழிநடைக் கடைகளும் நம் கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பிழைப்பை நாடி மலை கடந்த தமிழர்க்கு வாயில்கள் பல இருந்தன. ஒன்று, கோவையிலிருந்து வாளையாறு வழியே பாலக்காடு. மற்றொன்று, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியே இன்றைய இடுக்கி மாவட்டத் தேயிலை, ஏலத் தோட்டங்கள். இவ்வழிகளில் நம் முன்னோர்க்குப் பசி தீர்த்தவை சாலையோரச் சிற்றுண்டிக் கடைகளே.

கடைகள் தோன்றுமுன் சத்திரங்கள் இருந்தன. அறம் பெரிதே, ஆயினும் அனைவர்க்கும் இடம் கிட்டவில்லை. திருவிதாங்கூர் அரசின் ஊட்டுப்புரைகள் பிராமணர்க்கே இலவச உணவு அளித்தன. விலைக்குச் சோறு விற்கும் கடை வந்த பின்னரே, காசுடைய எவரும் உண்ணலாம் என்ற எண்ணம் தலைதூக்கியது.

பாலக்காட்டிற்கு அருகே எலப்புள்ளியை அடுத்த இராமசேரியின் இட்டலியை நம்மில் பலர் சுவைத்திருப்போம். அதனைச் செய்வோர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் எனத் தம்மைக் கூறும் முதலியார் குடும்பத்தினர். மண்பானையின் வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, மாவை வார்த்து, விறகடுப்பில் வேக வைப்பர். தோசைபோல் தட்டையாகவும் பஞ்சுபோல் மென்மையாகவும் இருக்கும். மிளகாய்ப் பொடியும் தேங்காய் எண்ணெயும் துணை. விரைவில் கெடாததால் வழிப்போக்கர்க்குக் கட்டுச்சோறாயிற்று. தமிழர் கைப்பக்குவம் கேரள மண்ணின் பெருமையாய் விளங்குவதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சுவை மட்டும் போதுமா? உட்காரும் இடமும் வேண்டுமன்றோ! இரயில்வேத் தொழிலில் வாழும் நாம் ஒன்றை மறத்தலாகாது. தென்னாட்டு இரயில் நிலையங்களின் உணவு விடுதிகளிலேயே 'பிராமணாள்' என்றும் 'இதராள்' என்றும் பிரிவுப் பலகைகள் தொங்கின. பெரியார் ஈ.வெ.ரா. அவர்களின் இயக்கம் கிளர்ந்தது. 1941-இல் அவை அகன்றன. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, சாதியைக் காட்டி எவரையும் கடையிலோ உணவு விடுதியிலோ தடுத்தலாகாது என விதித்தது.

சட்டம் வந்தது, மனம் மாறிற்றா? பாலக்காட்டு எல்லையில், முதலமடையை அடுத்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனிச் சக்கிலிய மக்கள், தேநீர்க் கடையில் தமக்குத் தனிக் குவளை தரப்படுவதாக முறையிட்டதை 2017-இல் செய்தித்தாள்களில் படித்தோம். அவர்களும் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த மரபினர். அச்செய்தி நம்மைத் தலைகுனியச் செய்ய வேண்டாமா?

அயலூரில் நம்மை ஒருவர் இழிவாகப் பேசினால் நெஞ்சு கொதிக்கிறோம். அதே கொதிப்பு, நம்மவர் ஒருவர்க்குத் தனிக் குவளை நீட்டப்படும்போதும் எழுதல் வேண்டும். அத்தகைய கடையைக் கண்டால் நம் குவளையையும் கீழே வைத்து எழுவோம். பிள்ளைகட்கும் காரணத்தை எடுத்துரைப்போம். முதற்கண் நம் காலனியிலிருந்தே தொடங்குவோம்: இன்றைய விருந்தில் அதிகாரியும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே பந்தியில், ஒரே வகை இலையில் உண்ணட்டும். வழிப்போக்கராய் வந்த நமக்கு, உடனிருந்து உண்பதினும் உயர்ந்த பண்பாடு வேறில்லை.