முத்திரை பொய் சொல்லும், மண் சொல்லாது

சுங்கை பினாங்கில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி விட்டுப்போன நீலப்பூ பீங்கான் ஜாடி. அடியில் மிங் அரசர் முத்திரை. மகளின் படிப்புச் செலவுக்கு விற்கப் பார்க்கிறார் அம்மா. அது அசலா, போலியா?

முத்திரையை நம்பலாமா? கூடாது! பழமை மீதிருந்த மதிப்பால், பிற்காலச் சீனக் குயவர்களே முன்னோர் முத்திரையைப் போட்டார்கள்.

அறிவியல் என்ன செய்கிறது? எக்ஸ்ரே கதிரால் நீலத்திலுள்ள கோபால்ட்டை ஆராய்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து சீனாவுக்கு வந்த கோபால்ட்டில் இரும்பு அதிகம். சீனாவிலேயே கிடைத்ததில் மாங்கனீஸ் அதிகம். ஜாடியின் அடியிலிருந்து துளி எடுத்துச் சூடாக்கினால் எழும் ஒளி, அது கடைசியாகச் சூளையில் வெந்த காலத்தைக் காட்டும்.

எத்தர்கள் சும்மா இருப்பார்களா? பழைய அடிப்பாகத்தில் புது ஜாடியை ஒட்டுகிறார்கள். ஆகவே ஒரு சோதனை போதாது.

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் அகழாய்வில் கிடைத்தன. அங்கே மண்ணடுக்கே சாட்சி. அலமாரி ஜாடிக்கு அந்தச் சாட்சி இல்லை. அதனால்தான் ஆய்வுக்கூடம்.

முடிவு 'புதியது' என்று வந்தால் விலைதான் குறையும். பாட்டியின் நினைவு குறையாது. தெரிந்து விற்பதே நேர்மை.